நாம் வேண்டாம் என்று சொன்ன கம்பெனியில் மறுபடி விண்ணப்பிக்கலாமா?

தம்பி, விண்ணப்பிக்கலாம். ஆனால் 'அப்ளை' பட்டனை அழுத்துவதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் விண்ணப்பித்தால் பதிலே வராமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஜாவாவில் நாலரை வருட அனுபவம். போன வருடம் தரமணியில் ஒரு ப்ராடக்ட் கம்பெனி நான்கு ரவுண்டு வைத்து உங்களைத் தேர்ந்தெடுத்தது; ஆஃபரை ஏற்றுக் கையெழுத்தும் போட்டீர்கள். 90 நாள் நோட்டீஸ் ஓடிக்கொண்டிருந்தபோது இன்னொரு கம்பெனி வருடத்துக்கு மூன்று லட்சம் கூடுதலாகத் தருவதாகச் சொன்னது. சேர வேண்டிய தேதிக்கு எட்டு நாள் இருக்கும்போது, 'சொந்தக் காரணங்களால் சேர முடியவில்லை' என்று தரமணிக்கு ஒரு மெயில் போட்டீர்கள். அவர்கள் கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. இப்போது சேர்ந்த இடத்தில் 11 மாதம் ஆகிறது, ப்ராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்காமல் பெஞ்சில் இருக்கிறீர்கள். தரமணி கம்பெனி அதே டீமுக்கு மறுபடி ஆள் தேடுகிறது. உங்கள் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போட்டிருப்பார்களா, வேறு மெயில் ஐடியில் விண்ணப்பிக்கலாமா, போன தடவை ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது, இப்போதைய இடத்தில் ஒரு வருடம் முடியும்வரை காத்திருக்கலாமா? இவைதான் உங்கள் கேள்விகள்.

நான் 16 வருடமாகப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். முதல் ஐந்து வருடம் கன்சல்டன்சியில், அப்புறம் கம்பெனிகளுக்குள்ளே. ஆஃபரை மறுத்துவிட்டுத் திரும்பி வந்தவர்களை நானே வேலைக்கு எடுத்திருக்கிறேன், அதே மாதிரி வந்த வேறு சிலரின் விண்ணப்பத்தைத் திறந்த வேகத்தில் மூடியும் இருக்கிறேன். இந்த இரண்டு கூட்டத்துக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. எந்த நாளில் மறுத்தார்கள், மறுத்த பிறகு எங்களிடம் பேசினார்களா, இந்த இரண்டை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

ஆஃபர் கைக்கு வந்த மூன்றாம் நாளே 'யோசித்துப் பார்த்தேன், இப்போதைக்கு வேண்டாம்' என்று சொல்பவர்மேல் எங்களுக்கு வருத்தமே கிடையாது. பதில் சொல்லக் கடைசித் தேதி போட்டு ஆஃபர் லெட்டர் கொடுப்பதே அதற்காகத்தான். அப்படி மறுத்தவர் ஆறு மாதம் கழித்து வந்தால் சந்தோஷமாகக் கூப்பிடுவோம். ஏற்கெனவே எல்லா ரவுண்டும் தாண்டியவர் என்பதால் சில சமயம் ஒரே ஒரு பேச்சோடு முடிந்துவிடும். இதைப் படிப்பவர்களில் இந்த வகைக்காரர்கள் யாராவது தயங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள்.

உங்களுடையது அடுத்த வகை, ஏற்றுக்கொண்ட பிறகு பின்வாங்குவது. நோட்டீஸ் தொடங்கிய முதல் வாரத்தில் சொன்னால் ஒரு மாதிரி, கடைசி வாரத்தில் சொன்னால் வேறு மாதிரி. இதையும் தாண்டி ஒன்று உண்டு. சேரும் நாளன்று காலையில் ரிசப்ஷனில் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருப்பார், வர வேண்டியவரின் போன் அணைந்திருக்கும். எங்கள் பேச்சில் அதற்கு 'நோ ஷோ' என்று பெயர். 'இவரை மறுபடி எடுக்க வேண்டாம்' என்று நிஜமாகவே குறித்துவைப்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான். நீங்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறீர்கள், ஆனால் ரொம்பப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

அந்த எட்டு நாள் மெயில் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இனி நீங்கள் எழுதப்போகும் கடிதத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு இடத்துக்கு ஆள் எடுக்க அனுமதி வாங்கவே அந்த மேனேஜர் மேலே நாலு பேரிடம் பேசியிருப்பார். ஆளைத் தேடி, ரவுண்டுகள் வைத்து, சம்பளம் பேசி, ஆஃபர் கொடுக்க ஒன்றரை மாதம் போயிருக்கும். அதன்மேல் உங்கள் 90 நாள். இத்தனை நாளும் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. அதற்குரிய வேலையை டீமில் இருந்தவர்கள் பங்கு போட்டுச் செய்தார்கள், 'இந்தத் தேதிக்கு ஆள் வந்துவிடுவார்' என்ற ஒரு நம்பிக்கையில். லேப்டாப்புக்குச் சொல்லியாயிற்று. மேனேஜர் தன் மேலதிகாரியிடம் தேதியும் கொடுத்தாயிற்று. கடைசி எட்டு நாளில் எல்லாமே முதல் படிக்குப் போய்விட்டது.

ரிக்ரூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆஃபர் கொடுத்தோம் என்று எங்களை யாரும் கேட்பதில்லை, எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்றுதான் கேட்பார்கள். உங்களை அனுப்பியது கன்சல்டன்சி என்றால் அவர்கள் பாடு இன்னும் கஷ்டம். நம் ஊரில் வழக்கமான கணக்கு ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். அதுவும் ஆள் சேர்ந்த பிறகுதான் பில் போட முடியும். பல ஒப்பந்தங்களில், சேர்ந்தவர் 90 நாளுக்குள் விலகினால் இலவசமாக வேறு ஆள் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கும். நீங்கள் சேரவில்லை என்றால் நாலு மாத உழைப்புக்கு ஒரு ரூபாய் கிடையாது.

இவர்கள் தவிர, இரண்டாவதாக வந்தவர் ஒருவர் இருப்பார். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சில வருடம் முன்பு நான் எடுத்த ஒரு வேலைக்கு மதுரையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார், ஆறு வருட அனுபவம். மயிரிழையில் இரண்டாம் இடம். நானே கூப்பிட்டு 'இந்த முறை இல்லைம்மா' என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் 'பரவாயில்லை மேடம், தேங்க்ஸ்' என்றார். தேர்வானவர் சேரும் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் விலகிவிட்டார். உடனே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். மூன்று வாரம் முன்புதான் பெங்களூரில் வேறு வேலையில் சேர்ந்து, வீடு மாறி, குழந்தையையும் அங்கே பள்ளியில் சேர்த்திருந்தார். அவருக்குச் சென்னை வேலைதான் வேண்டியிருந்தது. அப்பா அம்மா இங்கே. அந்த இடம் எங்களுக்கும் அதற்குப் பிறகு நாலு மாதம் காலியாகக் கிடந்தது.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. கம்பெனிகளும் வார்த்தை மாறியிருக்கின்றன. 2023 பிப்ரவரியில், ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்று ஆஃபர் வாங்கிக் காத்திருந்த புதியவர்களிடம் மூன்றரை லட்சத்துக்குச் சேரச் சம்மதமா என்று விப்ரோ கேட்டது, செய்திகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். 90 நாள் நோட்டீஸ் என்ற வழக்கமே இரண்டு பக்கத்தையும் இப்படிச் செய்ய வைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மூன்று மாதம் ஒருவரைக் கையில் ஆஃபரோடு உட்கார வைத்தால், அவர் வேறு இடம் பார்க்கத்தான் செய்வார். 30 நாள் என்று எல்லோரும் மாறிவிட்டால் பாதிப் பின்வாங்கல் தானாக நின்றுவிடும். ஆகவே வாழ்நாள் பாவம் மாதிரி இதைச் சுமக்காதீர்கள். ஆனால் நடந்தது தெரிந்தவராக எழுதுங்கள்.

சரி, கறுப்புப் பட்டியல். வொர்க்டே, டேலியோ, சக்சஸ்ஃபேக்டர்ஸ், நம் ஊர் ஸோஹோ ரெக்ரூட், விண்ணப்பங்களைப் பதிந்துவைக்கும் எந்த மென்பொருளாக இருந்தாலும் உங்கள் பெயரைத் தேடினால் பழைய விண்ணப்பம் வந்து நிற்கும். எந்த வேலை, எத்தனை ரவுண்டு, இன்டர்வியூ செய்தவர்கள் எழுதிய கருத்து, எவ்வளவு சம்பளம் பேசினோம், கடைசியில் என்ன ஆனது, எல்லாம் இருக்கும். கடைசி நிலைக்கு ஒரு பட்டியலிலிருந்து காரணம் தேர்ந்தெடுப்போம்: ஆஃபரை மறுத்தார், ஏற்றபின் விலகினார், வரவில்லை என்று. பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதலாம். அவசரத்தில் எழுதும் ஒன்றிரண்டு வரிதான், ஆனால் அடுத்து வருபவர்கள் முதலில் படிப்பது அதைத்தான். உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'சேரும் தேதிக்கு எட்டு நாள் முன்பு விலகினார். மூன்று முறை அழைத்தோம், எடுக்கவில்லை.' முதல் வரியைக் கூட மறந்துவிடுவார்கள். இரண்டாவது வரிதான் உங்களுக்குக் கஷ்டம் கொடுக்கப்போகிறது.

இது அந்தக் கம்பெனிக்குள் இருக்கும் பதிவு. வெளியே எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக ஏதோ பட்டியல் இருக்கிறது என்று பல பிள்ளைகள் பயப்படுகிறார்கள். மென்பொருள் கம்பெனிகளின் கூட்டமைப்பான நாஸ்காம் 2006-இல் தொடங்கிய நேஷனல் ஸ்கில்ஸ் ரெஜிஸ்ட்ரியை அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். படிப்பும் பார்த்த வேலையும் உண்மைதானா, ஆள் அவர்தானா என்று சரிபார்த்து வைப்பதற்காக வந்தது அது. ஆஃபரை மறுத்தவர்களின் பட்டியல் இல்லை. வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யூஏஎன்னிலும் நீங்கள் சேராத கம்பெனியின் பெயர் வராது.

ஒரு எச்சரிக்கை மட்டும், உங்களுக்கு இல்லை, படிக்கும் மற்றவர்களுக்கு. சேர்ந்து நாலு நாள் வேலை பார்த்துவிட்டு ஓடிப்போனவர்கள் அதை மறைக்க முடியாது. அந்த நாலு நாளுக்கு பி.எஃப். கட்டியிருந்தால் யூஏஎன்னில் தெரியும், வரி பிடித்திருந்தால் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். பின்னணி சரிபார்ப்பில் முதலில் பார்க்கும் இடங்கள் இவை.

அதிகாரபூர்வமான பட்டியல் இல்லை என்றாலும், ரிக்ரூட்டர்கள் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பவர்கள். இன்றைக்குத் தரமணியில் இருப்பவர் அடுத்த வருடம் சிறுசேரியிலோ போரூரிலோ இருப்பார், மனதில் தங்கிய பெயர்களும் அவரோடு போகும். பதிவேட்டைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். விருப்பமில்லாத ஒருவரைக் கட்டாயமாக வேலைக்கு வரச்சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அப்படி. ஆஃபர் லெட்டரில் 'சேராவிட்டால் இவ்வளவு கட்ட வேண்டும்' என்று எழுதியிருந்தால் அதைக் கோரி நோட்டீஸ் அனுப்பலாம், அது வேறு. 11 மாதமாக எதுவும் வரவில்லை என்கிறீர்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் சேருவதற்கு முன்பே வீடு மாறும் செலவுக்கோ வேறு எதற்கோ அவர்களிடமிருந்து பணம் வாங்கியிருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்காமல் மறுபடி விண்ணப்பிக்கவே கூடாது.

வேறு மெயில் ஐடி யோசனையை இந்த நிமிடமே விட்டுவிடுங்கள். நம் பெயர்களில் இதற்கு வசதி இருப்பது போலத் தோன்றும். ஒரு விண்ணப்பத்தில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக விரிந்து கடைசிப் பெயராக. மென்பொருள் இதில் தடுமாறுவது உண்மை. அப்படி வந்த ஒருவரை எங்கள் கம்பெனியில் மூன்று ரவுண்டு வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆஃபருக்கு முன் பான் எண்ணைப் பதிந்தபோது பழைய விண்ணப்பம் வந்து நின்றது. முன்பு அவர் விலகியதைக் கூட மேனேஜர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'முன்பு இங்கே விண்ணப்பித்திருக்கிறீர்களா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று டிக் செய்திருந்தார். அதோடு முடிந்தது. இந்த முறைதான் அவர் பெயருக்கு எதிரே 'எடுக்க வேண்டாம்' என்று பதிவானது.

இப்போது, முதலில் சொன்ன அந்தக் காரியம். விண்ணப்பிக்கும் முன் அந்த மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதுங்கள், ரிக்ரூட்டரை அதே மெயிலில் காப்பியில் வையுங்கள். ரிக்ரூட்டருக்கு மட்டும் எழுதச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய குறிப்பைத் தாண்டி 'பரவாயில்லை, கூப்பிடுங்கள்' என்று சொல்லும் அதிகாரம் மேனேஜருக்குத்தான் உண்டு. நாங்கள் அதை எதிர்த்து எதுவும் செய்ய மாட்டோம். அதே சமயம் ரிக்ரூட்டரைத் தாண்டிப் போனால் அவர் மனம் புண்படும், ஏற்கெனவே ஒருமுறை புண்பட்டவர். இருவரையும் சேர்த்தே எழுதுங்கள். மெயில் ஐடி போய்விட்டது என்றால் லிங்க்ட்இன்னில் எழுதலாம்.

என்ன எழுதுவது? ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், சாரத்தைத் தமிழில் சொல்கிறேன். 'போன வருடம் உங்கள் டீமில் சேர ஒப்புக்கொண்டு, சேரும் தேதிக்கு எட்டு நாள் இருக்கும்போது விலகினேன். கூடுதல் சம்பளம் கிடைத்ததால் அப்படிச் செய்தேன். உங்கள் அழைப்புகளையும் எடுக்கவில்லை. பேசத் தைரியம் இல்லாமல் இருந்தேன், அது தவறு. அதனால் உங்கள் டீமுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதே டீமில் இடம் இருப்பதைப் பார்த்தேன். விண்ணப்பிக்க விரும்புகிறேன், உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால்.' அவ்வளவுதான், பத்து வரிக்கு மேல் போக வேண்டாம். ரெஸ்யூமை இணைக்க வேண்டாம். இந்த வருடம் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்ற பட்டியலும் வேண்டாம், அதற்கு அப்புறம் நேரம் வரும்.

பணத்துக்காகப் போனேன் என்று எழுதலாமா என்று தயங்குவீர்கள். எழுதுங்கள். மூன்று லட்சம் என்பது நம் வீடுகளில் எவ்வளவு என்று அந்த மேனேஜருக்கும் தெரியும். ஒரு தங்கையின் கல்யாணக் கடன், அப்பாவின் ஆபரேஷன், எதற்காகவும் இருக்கலாம். பணம் என்ற காரணத்துக்காக யாரும் யாரையும் வெறுப்பதில்லை. பொய்யைத்தான் தாங்கிக்கொள்ள முடியாது. 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊரை விட்டு வர முடியாது' என்று விலகியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் விஷயத்தில் அது உண்மை, அவர்களுக்காகச் சேரும் தேதியைத் தள்ளிவைத்துக் காத்திருந்திருக்கிறோம். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் லிங்க்ட்இன்னில் புதுக் கம்பெனியின் வரவேற்புப் பையோடு படம் போடுவார்கள். நாள் முழுக்க லிங்க்ட்இன்னில் இருப்பதுதான் எங்கள் தொழில். அந்தப் படம் முதலில் எங்கள் கண்ணில்தான் படும்.

உங்கள் மெயிலில் 'சொந்தக் காரணங்கள்' என்றுதான் இருந்தது, அது பொய் இல்லை. நல்லது. அதைத் திறந்து சொன்னால் போதும்.

அந்த மேனேஜரும் ரிக்ரூட்டரும் இரண்டு பேருமே அங்கிருந்து போயிருக்கலாம். அப்படியானால் உங்களை நினைவில் வைத்திருப்பது பதிவேடு மட்டும்தான், நேரடியாக விண்ணப்பிக்கலாம். கட்டத்தில் 'ஆம், ஆஃபர் பெற்றேன், சேரவில்லை' என்று மறைக்காமல் குறிப்பிடுங்கள். உள்ளே இருக்கும் நண்பர் யாராவது ரெஃபர் செய்தால் இன்னும் நல்லது. ஆனால் அவரிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். தன் பெயரைக் கொடுத்து உங்களைச் சொல்பவர், மேனேஜரின் வாயிலிருந்து இந்த விஷயத்தைக் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள்.

கூப்பிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜாவா கேள்விகளை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். நிஜமான கேள்வி ஒன்றுதான் இருக்கும்: இந்தத் தடவை வருவீர்களா? இதற்கு 'கண்டிப்பாக வருவேன் சார்' என்பது பதில் இல்லை, போன தடவையும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அவர்களுடைய பயத்தைக் குறைக்கும்படி கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

உங்களிடம் ஒன்று இருக்கிறது, நீங்கள் அதை வெட்கப்பட வேண்டிய விஷயமாக நினைக்கிறீர்கள். பெஞ்சில் இருப்பவரை 90 நாள் பிடித்துவைப்பதில் இப்போதைய கம்பெனிக்கு லாபம் கிடையாது. கிளையண்டுக்கு பில் போட முடியாத ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். பெஞ்சில் இருப்பவர்கள் கேட்டால் 30 நாளிலோ அதற்கு முன்போ விடுவிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதக் காத்திருப்பு ஒரு மாதமாகக் குறைந்தால், இடையில் மனம் மாறும் ஆபத்தும் அந்த அளவு குறைகிறது என்று மேனேஜருக்குச் சொல்லாமலே புரியும். ஆனால் ஆஃபர் கைக்கு வருவதற்கு முன் ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள், யார் சொன்னாலும்.

பெஞ்சில் இருக்கிறீர்களா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். நீங்களாக அதை முதல் காரணமாக வைக்க வேண்டாம், 'வேறு வழியில்லாமல் வருகிறார்' என்று காதில் விழும். அந்த டீமின் வேலையில் போன வருடமே உங்களுக்குப் பிடித்தது எது, அது இப்போதைய இடத்தில் ஏன் கிடைக்கவில்லை என்று குறிப்பாகச் சொல்ல முடிந்தால் அதுதான் பலம். யோசித்துப் பார்த்து அப்படி எதுவும் இல்லை, சும்மா ஒரு வேலை வேண்டும் என்றுதான் தோன்றுகிறது என்றால், தம்பி, அப்போது வேறு கம்பெனிக்குப் போங்கள். இவர்களை இன்னொரு முறை சிரமப்படுத்த வேண்டாம்.

சம்பளத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். போன வருடம் அவர்கள் கொடுத்த தொகை பதிவில் இருக்கிறது. இப்போது நீங்கள் வாங்குவது அதைவிட மூன்று லட்சம் அதிகம். அதன்மேலும் 30 சதவீதம் கேட்டால், போன முறை ஏன் போனீர்கள் என்பதை நீங்களே அவர்களுக்கு நினைவுபடுத்துகிறீர்கள். காலமும் மாறிவிட்டது. 2022-இல் இன்ஃபோசிஸில் ஜூன் காலாண்டு நிலவரப்படி ஓராண்டில் 28.4 சதவீதம் பேரும், டிசிஎஸ்ஸில் செப்டம்பர் நிலவரப்படி 21.5 சதவீதம் பேரும் வேலையை விட்டுப் போனார்கள். அன்றைக்கு ஒருவர் கையில் நாலு ஆஃபர் இருந்தது, நாங்களும் கேட்டதைக் கொடுத்தோம். 2024 மார்ச்சில் இரண்டு கம்பெனியிலும் அது 12, 13 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மக்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள், காலியிடம் குறைவு.

அதனால் மெயில் எழுதுவதற்கு முன்பே ஒரு தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், இப்போது வாங்கும் அதே சம்பளம். உயர்வு இல்லாமல் போக உங்களால் முடியுமா என்று வீட்டிலும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கேட்டால் ஒரே ஒரு தொகை சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். வேறு எங்கும் இன்டர்வியூ போகவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும், அது உண்மையாக இருக்க வேண்டும்.

மெயிலுக்குப் பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டலாம், போர்ட்டலில் முறைப்படி விண்ணப்பமும் போடலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் இந்த டீம் உங்களுக்கு இல்லை. ஆறேழு மாதம் போன பிறகு அதே கம்பெனியின் வேறு டீமில் முயற்சி செய்யுங்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடுவது, மேனேஜரின் மேலதிகாரிக்கு எழுதுவது எல்லாம் வேண்டாம். இப்போதைய இடத்தில் ஒரு வருடம் முடியட்டும் என்று காத்திருக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 11 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் ரெஸ்யூமில் யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை. அந்த இடம் நிரம்பிவிட்டால்தான் நஷ்டம்.

நான் திரும்ப எடுத்தவர்களில் ஒரு திருச்சிக்காரரை அடிக்கடி நினைப்பேன். 2022 வேகத்தில், அதிகப் பணத்துக்காக, சேர இரண்டு வாரம் இருக்கும்போது விலகியவர். அடுத்த வருடம் மேனேஜருக்கும் எனக்கும் சேர்த்து எட்டு வரி எழுதியிருந்தார். மேனேஜர் அதைப் படித்துவிட்டு 'கூப்பிடுங்க, பேசிப் பார்க்கலாம்' என்றார். பழைய ஆஃபரை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் கொடுத்தோம். இந்த முறை நோட்டீஸ் காலத்தில் நான் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை அவரே கூப்பிடுவார்: ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்கள் மேடம், வேலை ஒப்படைப்பது பாதி முடிந்தது, இருக்கச் சொல்லிக் கூடுதல் சம்பளம் சொன்னார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு, திங்கட்கிழமை ஒன்பதரைக்குத்தானே என்று கேட்டார். அன்றைக்கு நான் எட்டே முக்காலுக்கு ஆபீஸ் போனேன். ரிசப்ஷனில் சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.